சுருக்கிய ஒலியும் செவியின் சாட்சியமும்

கேள்வி என ஓர் அதிகாரமே வகுத்து, செவி வாயிலாக எய்தும் அறிவின் பெருமையை விரித்துரைத்தார் வள்ளுவப் பெருந்தகையார். அச்செவிக்குள் புகும் ஒலி தன் முழு உருவோடு வருகின்றதோ, குறைந்து வருகின்றதோ என்னும் ஐயம் அக்காலத்தில் எழுவதற்கு இடமிருக்கவில்லை. பாடுவோரும் கேட்போரும் ஓர் அவையிலேயே கூடியிருந்தனர். அவரிடையே காற்றொன்றே நின்றது. இன்றோ நாம் கேட்கும் இசையிலும் உரையிலும் பெரும்பகுதி கைத்தொலைபேசி, இணையம், இலக்கமுறை வானொலி ஆகியவற்றின் வழியாகவே வந்து சேர்கின்றது. அவ்வழி வருவனவற்றுட் பெரும்பாலானவை சுருக்கப்பட்ட ஒலிகள். மூலப்பதிவில் இருந்த சில பகுதிகள், "இவை மனிதச் செவிக்குப் புலப்படா" என்னும் தீர்ப்பின்பேரில் நீக்கப்பட்ட பின்னரே அவை நம்மை அடைகின்றன.

அத்தீர்ப்பை வழங்கியவர் யாவர்? எம்முறையால் வழங்கினர்? அத்தீர்ப்பு எவ்வளவு நம்பத்தக்கது? இம்மூன்று வினாக்களுக்கும் இயன்றவரை எளிய முறையில் விடை கூறுதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சுருக்கம் என்பது யாது?

1982ஆம் ஆண்டில் சோனி, பிலிப்ஸ் என்னும் இரு நிறுவனங்களின் கூட்டுமுயற்சியால் விற்பனைக்கு வந்த இறுவட்டை முதலில் நோக்குவோம். அதில் ஒலியலையின் அளவு செக்கனுக்கு 44,100 முறை எடுக்கப்படுகின்றது. ஒவ்வோர் அளவும் 16 பிட் கொண்ட எண்ணாக எழுதப்படுகின்றது. பிட் என்பது பூச்சியம் அல்லது ஒன்று என்னும் ஒற்றைக் குறியாகும். இடம், வலம் என்னும் இரு தடங்களையும் கூட்டினால் ஒரு செக்கன் நேர இசைக்கு 1,411,200 பிட் வேண்டும். மூன்று நிமிடப் பாடல் ஒன்றுக்கு இது ஏறத்தாழ 25 கோடியே 40 இலட்சம் பிட் ஆகும். 1990களின் நடுப்பகுதியில் தொலைபேசிக் கம்பிவழி இணையத்தோடு இணைக்கும் கருவி செக்கனுக்கு 28,800 பிட் அளவையே கடத்த வல்லதாயிருந்தது. அக்கணக்கின்படி மூன்று நிமிடப் பாடலைப் பெறுவதற்கு 147 நிமிடம் காத்திருத்தல் வேண்டும். செக்கனுக்கு 128,000 பிட் என்னும் அளவுக்கு அப்பாடலைச் சுருக்கினால் பதினான்கு நிமிடத்துக்குள் அது வந்து சேரும். சுருக்கும் கலை தோன்றியதற்குரிய தேவை இதனால் விளங்கும்.

பதினொன்றில் ஒரு பங்காகக் குறைத்த பின்னும் பாடல் பாடலாகவே கேட்பது எவ்வாறு? அதன் இரகசியம் ஒலி மறைப்பு என்னும் இயல்பிற் பொதிந்துள்ளது. கோயில் வீதியிலே தவில் முழங்கும்போது அருகில் நிற்பவரின் கைக்கடிகார ஒலி நமக்குக் கேட்பதில்லை. அவ்வொலி காற்றில் இல்லாமற் போய்விடவில்லை. வலிய ஒலி மெலிய ஒலியைச் செவிக்குள் மறைத்துவிடுகின்றது. 1924ஆம் ஆண்டில் அமெரிக்க ஆய்வாளராகிய வெகல், லேன் என்னும் இருவரும் இம்மறைப்பை முறைப்படி அளந்து வெளியிட்டனர். அடுத்தடுத்த மீடிறன்களையுடைய ஒலிகளே ஒன்றையொன்று மிகுதியாக மறைப்பன என்பதும், தாழ்ந்த சுருதி உயர்ந்த சுருதியை மறைக்கும் வன்மை அதன் மறுதலையினும் பெரிது என்பதும் அவர்கள் கண்ட உண்மைகள். பின்னர் ஜேர்மானிய அறிஞர் எபர்ஹார்ட் சுவிக்கர், செவி கேட்கும் மீடிறன் வீச்சு முழுவதையும் 24 பட்டைகளாகப் பகுத்து 1961ஆம் ஆண்டில் அட்டவணைப்படுத்தினார்.

ஒலியைச் சுருக்கும் நிரல் இவ்வறிவையே கையாளுகின்றது. அது ஒலியைப் பல பட்டைகளாகப் பிரிக்கின்றது; ஒவ்வொரு பட்டையிலும் எவ்வளவு இரைச்சல் மறைந்து கிடக்கக்கூடும் எனக் கணிக்கின்றது; அவ்வெல்லைக்கு உட்பட்டு எண்களைப் பருவட்டாக எழுதுகின்றது. பருவட்டாக எழுதுவதனால் எழும் பிழையே இரைச்சலாகும். வலிய ஒலியின் நிழலுக்குள் அவ்விரைச்சல் ஒதுங்கி நிற்கும்வரை நாம் அதனை உணரமாட்டோம். நிழலை விட்டு அது வெளியே தலைநீட்டும் இடத்தில் குற்றம் புலப்படும்.

கருவியின் அளவும் செவியின் அளவும்

இரைச்சலை அளப்பதற்குக் கருவிகள் உளவே, அவற்றைக் கொண்டே தரத்தைத் தீர்மானித்தால் என்ன என வினவுவோர் உளர். 1990ஆம் ஆண்டளவில் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் ஜேம்ஸ் ஜோன்ஸ்டன், கார்ல்ஹைன்ஸ் பிராண்டன்பேர்க் ஆகிய இருவரும் செய்து காட்டியதொரு செயல் இவ்வினாவுக்கு விடையாக அமைந்தது. ஒரே இசைத்துண்டின் இரு பிரதிகளில் அவர்கள் இரைச்சலைச் சேர்த்தனர். இரண்டிலும் இசையின் வலு இரைச்சலின் வலுவைவிட 13 டெசிபெல், அஃதாவது ஏறத்தாழ இருபது மடங்கு, மிகுந்திருந்தது. ஒன்றில் இரைச்சல் எல்லா மீடிறன்களிலும் சமமாகப் பரவியிருந்தது. மற்றதில் அது மறைப்பு விதிக்கு இயைய இசையின் நிழலுக்குள் ஒதுக்கப்பட்டிருந்தது. அளவுகருவிக்கு இரண்டும் ஒன்றே. செவிக்கோ முதலாவது சகிக்க முடியாத இரைச்சலாகவும், இரண்டாவது மூலத்தினின்று பிரித்தறிவதற்கு அரியதாகவும் இருந்தன.

ஆகவே, செவிக்காகச் செய்யப்பட்ட சுருக்கத்தை மதிப்பிடத்தக்க நீதிபதி செவியே என்பது பெறப்பட்டது. ஆயின் அந்நீதிபதிக்கும் சில பலவீனங்கள் உண்டு.

செவியை மயக்குவன

1915ஆம் ஆண்டு தொடக்கம் ஏறத்தாழப் பத்தாண்டு காலம் தோமஸ் எடிசனின் நிறுவனம் அமெரிக்க நகரங்களில் "தொனிச் சோதனை" என்னும் பெயரால் கூட்டங்களை நடத்தியது. மேடையில் ஒரு பாடகியும் அவரருகே ஒலித்தட்டுப் பெட்டியும் இருக்கும். பாடகியும் பெட்டியும் மாறி மாறிப் பாடுவர். இடையே அரங்கு இருளாக்கப்படும். விளக்குகள் மீண்டும் எரியும்போது பாடகி மேடையில் இல்லாமையையும், பெட்டி மாத்திரம் பாடிக்கொண்டிருத்தலையும் கண்டு மக்கள் வியந்தனர். அக்கால ஒலித்தட்டைக் கேட்டறிந்த நமக்கு இது நம்பற்கரிய செய்தியாகும். அச்சோதனைகளிற் பங்குபற்றிய அன்னா கேஸ் என்னும் பாடகியார், பெட்டியின் குரலுக்கு இயையத் தம் குரலை அமைத்துப் பாடியதாகப் பிற்காலத்திற் கூறினார். பிரதியை மூலத்தோடு ஒப்பிடுவதற்கென அழைக்கப்பட்ட மக்களின் முன் மூலமே பிரதியைப் போல நடித்தது! அச்சபையோர் செவிடர் அல்லர். ஒப்பீடு முறையாக அமையாதவிடத்து நல்ல செவியும் வழிதவறும் என்பதே இதனால் நாம் அறிவது.

மயக்குவன வேறும் பல உள. இரண்டு ஒலிகளுள் ஒன்று மிகச் சிறிதளவு உரத்து ஒலித்தால், கேட்போர் அதனை "உரத்தது" என்று கூறார். "தெளிவானது", "உயிருள்ளது" என்று கூறுவர். விலை மிகுந்த கருவியென அறிந்தவுடன் அதன் ஒலி இனிக்கத் தொடங்கும். சோதனையை நடத்துபவர் விடையை அறிந்தவராயின், அவர்தம் முகக்குறிப்பே கேட்பவருக்கு விடையை உணர்த்திவிடும். ஒலியின் நினைவோ சில செக்கன்களிலேயே மங்கத் தொடங்கும்; நேற்றுக் கேட்டதை இன்று கேட்பதோடு ஒப்பிடுதல் பெரும்பாலும் கற்பனையோடு ஒப்பிடுதலேயாகும். கண்ணாற் கண்டதும் பொய், காதாற் கேட்டதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்னும் முதுமொழி இவ்விடத்துக்கு முற்றும் பொருந்துகின்றது. அத்தீர விசாரிக்கும் முறையைத்தான் சென்ற நூற்றாண்டின் அறிஞர்கள் படிப்படியாக வகுத்தனர்.

தேநீரும் நிகழ்தகவும்

அம்முறைக்கு வித்திட்டது ஒலியன்று, தேநீர் என்றால் வியப்புத் தோன்றும். இங்கிலாந்தின் றொதம்ஸ்டெட் விவசாய ஆராய்ச்சி நிலையத்தில் மியூரியல் பிறிஸ்டல் என்னும் அம்மையார், கோப்பையில் முதலில் வார்க்கப்பட்டது பாலோ தேநீரோ என்பதைத் தம் நாவினாலேயே அறியமுடியும் என்றார். அங்கு பணியாற்றிய புள்ளிவிபரவியல் அறிஞர் றொனால்ட் பிஷர் இதனைச் சோதிக்க முற்பட்டார். 1935ஆம் ஆண்டில் வெளியான பரிசோதனை அமைப்பு பற்றிய தமது நூலில் இவ்வகைச் சோதனையையே அவர் எடுத்துக்காட்டாக விளக்கினார். எட்டுக் கோப்பைகள், நான்கில் பால் முதலில், நான்கில் தேநீர் முதலில், வரிசை சீட்டுக் குலுக்கினாற்போல ஒழுங்கின்றி அமையும். எட்டிலிருந்து நான்கைத் தெரிவதற்கு 70 வழிகள் உள. ஆகவே, நாவறிவு சிறிதுமின்றி வெறும் ஊகத்தாலே எல்லாவற்றையும் சரியாகச் சொல்லும் நிகழ்தகவு 70இல் ஒன்று மாத்திரமே.

இவ்வமைப்பின் நேர்மையை நோக்குக. அம்மையாரின் கூற்றை அது பழிக்கவுமில்லை, நம்பவுமில்லை. உண்மையில் அவ்வாற்றல் அவரிடம் இருப்பின் அதனை ஐயமற நிறுவுவதற்கு அது வாய்ப்பளிக்கின்றது.

1950ஆம் ஆண்டில் பெல் ஆய்வுகூடத்தைச் சேர்ந்த மன்சன், கார்ட்னர் ஆகிய இருவரும் இதையொத்த ஒரு முறையை ஒலிக்கு அமைத்தனர். 1982ஆம் ஆண்டில் டேவிட் கிளார்க் என்பவர் அதற்கெனக் கருவியொன்றை விவரித்த பின் அம்முறை பரவலாயிற்று. அதனை நம் எழுத்துக்களால் அ, ஆ, ஃ எனக் குறிப்போம். "அ" மூல ஒலி. "ஆ" சுருக்கிய ஒலி. "ஃ" அவ்விரண்டுள் யாதோ ஒன்று. எதுவென்பதைக் கேட்பவரும் அறியார், சோதனையை நடத்துபவரும் அறியார். மூன்றையும் வேண்டியவாறு மாற்றி மாற்றிக் கேட்டு, "ஃ" என்பது அ ஆகுமா, ஆ ஆகுமா எனக் கூறுதல் வேண்டும். ஒருமுறை சரியாகக் கூறுதல் நாணயத்தைச் சுண்டிப் பூவோ தலையோ என்று சொல்வதற்கு ஒப்பாகும். பதினாறு முறை கேட்டுப் பன்னிரண்டு முறையோ அதனின் மிக்கோ சரியாகக் கூறினால், அது வெறும் ஊகத்தால் நேரும் வாய்ப்பு நூற்றில் நாலுக்கும் குறைவு. அப்பொழுது அவர் வேறுபாட்டைக் கேட்டார் என ஏற்றுக்கொள்ளலாம்.

இங்கும் இரு எச்சரிக்கைகள் உள. எத்தனை முறை கேட்பதென்பதைத் தொடங்குமுன்னரே வரையறுத்தல் வேண்டும். அதிர்ஷ்டம் வாய்த்த இடத்தில் நிறுத்திக்கொள்ளுதல் சோதனையாகாது. இருபது பேர் ஒன்றுங் கேளாது வெறுமனே ஊகித்தாலும், அவருள் ஒருவரேனும் பதினாறுக்குப் பன்னிரண்டைத் தொடுவதற்குப் பாதிக்கு மேற்பட்ட வாய்ப்பு உண்டு. அவ்வொருவரை மாத்திரம் தூக்கிப் பிடித்து அவருக்குக் கூரிய செவி எனப் புகழ்தல் தவறாம்.

ஐந்து படிகளும் ஓர் உரைகல்லும்

வேறுபாடு உண்டா, இல்லையா என்பதோடு வினா முடிந்துவிடுவதில்லை. வேறுபாடு எவ்வளவு உறுத்துகின்றது என்பதையும் அறிதல் வேண்டும். இதற்காகச் சர்வதேசத் தொலைத்தொடர்புச் சங்கத்தின் வானொலிப் பிரிவு, பி.எஸ். 1116 என்னும் விதிமுறையை 1994ஆம் ஆண்டில் வெளியிட்டது. நுண்ணிய குறைகளை ஆராய்தற்கு உரியது அது. பயிற்சி பெற்ற செவியர் ஏறத்தாழ இருபதுபேர் அதற்கு வேண்டும். ஒவ்வொருவர் முன்னும் மூன்று ஒலிகள் வைக்கப்படும். முதலாவது மூலம் என அறிவிக்கப்பட்டது. ஏனைய இரண்டுள் ஒன்று சுருக்கிய பிரதி; மற்றது மறைத்து வைக்கப்பட்ட மூலம். இரண்டுக்கும் அவர் புள்ளி வழங்குதல் வேண்டும். ஐந்து: வேறுபாடு புலப்படவில்லை. நான்கு: புலப்படுகின்றது, ஆனால் உறுத்தவில்லை. மூன்று: சிறிது உறுத்துகின்றது. இரண்டு: உறுத்துகின்றது. ஒன்று: மிகவும் உறுத்துகின்றது.

இரண்டிலொன்று மூலமேயாதலால் அதற்கு ஐந்து புள்ளி கிடைத்தல் வேண்டும். ஒருவர் மூலத்தையே குறைகூறிப் பிரதியைப் புகழ்வாராயின், அவர் வேறுபாட்டைக் கேட்கவில்லை என்பதை அவர்தம் விடையே காட்டிக்கொடுக்கும். குற்றங் காணும் ஆர்வத்தினால் இல்லாத குற்றத்தைக் காண்போரையும், பெருந்தன்மையால் எல்லாவற்றுக்கும் ஐந்து வழங்குவோரையும் ஒருங்கே பிரித்தெடுக்கும் ஏற்பாடு இது. ஒலித்துண்டு 10 முதல் 25 செக்கன் அளவினதாகவும், ஓர் அமர்வு அரைமணி நேரத்துக்கு மேற்படாததாகவும் இருத்தல் வேண்டும். களைத்த செவி நடுநிலை தவறும்.

குறைகள் வெளிப்படையாகத் தெரியும் சிக்கனமான சுருக்கங்களை மதிப்பிடுவதற்கு 2001ஆம் ஆண்டில் வேறொரு விதிமுறை வந்தது. பி.எஸ். 1534 என்னும் அதனை முஷ்றா எனச் சுருக்கி அழைப்பர். இதிற் பல பிரதிகள் ஒருங்கே வைக்கப்பட்டுப் பூச்சியம் முதல் நூறு வரை புள்ளி இடப்படும். மறைத்த மூலம் இங்கும் உண்டு. அதனோடு வேண்டுமென்றே கெடுக்கப்பட்ட பிரதியொன்றும் கலக்கப்படும். அதில் 3,500 சுற்றுக்கு மேற்பட்ட மீடிறன்கள் யாவும் வெட்டப்பட்டிருக்கும். பொற்கொல்லன் உரைகல்லிலே மாற்றறிந்த பொன்னையும் உடன் உரைத்துப் பார்ப்பது போன்றது இது. நல்லதன் எல்லையும் தீயதன் எல்லையும் தெரிந்தாலன்றி நடுவில் நிற்பதற்கு மாற்றுரைக்க இயலாது. மறைத்த மூலத்துக்கே பலமுறை தாழ்ந்த புள்ளியிடுவோரின் விடைகள் கணக்கினின்று நீக்கப்படும்.

தொலைபேசிக்கு வேண்டுவது வேறு. அங்கே ஒலி மூலத்தை ஒத்திருக்கின்றதா என்பதிலும், பேச்சு விளங்குகின்றதா, உரையாடல் வருத்தமின்றி நடைபெறுமா என்பதே தலையாய வினா. ஆதலின் பயிற்சியற்ற பொதுமக்களே அங்கு செவியர். அவர்கள் ஒன்று முதல் ஐந்து வரை வழங்கும் புள்ளிகளின் சராசரியே சான்றாகக் கொள்ளப்படும். முதலாந் தலைமுறை இலக்கமுறைக் கைத்தொலைபேசிகளில் வழங்கிய ஜி.எஸ்.எம். முறை, பேச்சைச் செக்கனுக்கு 13,000 பிட்டுக்குள் அடக்கியது. அதில் பேச்சு விளங்கிற்று; நாதஸ்வரம் விளங்குவது அரிதாயிற்று. எதற்காகச் சோதித்தோமோ அதற்கே சான்றிதழ் செல்லும்.

ஸ்டொக்ஹோம் அமர்வுகள்

இம்முறைகள் உலகின் இசை முழுவதையும் பாதித்த ஒரு நிகழ்ச்சியை இனி நோக்குவோம். 1988ஆம் ஆண்டில் அமைக்கப்பட்ட எம்பெக் என்னும் சர்வதேச நிபுணர் குழு, ஒலியைச் சுருக்குவதற்குப் பொது நியமம் ஒன்றை வகுக்க முற்பட்டது. பல நாட்டு நிறுவனங்கள் பதினான்கு திட்டங்களை முன்வைத்தன. அவை நான்கு தொகுதிகளாக இணைக்கப்பட்டு, 1990ஆம் ஆண்டு சுவீடன் வானொலியின் துணையோடு ஸ்டொக்ஹோம் நகரிலே செவிச் சோதனைக்கு உள்ளாயின. 1991ஆம் ஆண்டிலும் சோதனைகள் தொடர்ந்தன. அவற்றின் விளைவாக 1992இல் நிறைவெய்தி 1993இல் வெளியான நியமம் மூன்று அடுக்குகளைக் கொண்டது. இரண்டாம் அடுக்கு இலக்கமுறை வானொலிக்குச் சென்றது. மூன்றாம் அடுக்கே, 1995ஆம் ஆண்டு முதல் எம்.பி.3 என்னும் பெயரோடு உலகெங்கும் பரவியது.

அச்சோதனைகளுக்கு எவ்வகை ஒலிகளைத் தெரிவது? ஒருபானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது சமையலுக்குப் பொருந்தும், இங்கே பொருந்தாது. எளிய இசையைச் சுருக்கிக் காட்டி வெற்றி கொண்டாடுதல் யாவர்க்கும் இயலும். ஆதலின் சுருக்கும் நிரலைத் தடுமாறச் செய்யும் ஒலிகளையே தேடித் தெரிந்தனர். அவற்றுட் பெயர்பெற்றது ஸ்பெயின் நாட்டு நடனத்துக்குரிய கஸ்தனெட் என்னும் கைத்தாளக் கட்டை. நிரல் ஒலியைச் சிறு கால அளவுகளாகப் பகுத்தே கணிக்கின்றது, எம்.பி.3 முறையில் ஒரு பகுதி ஏறத்தாழ 26 மில்லிசெக்கன் நீளமுடையது. அமைதியின் நடுவே திடீரெனக் கட்டை ஒலிக்குமாயின், அதனால் எழும் கணிப்புப் பிழை அப்பகுதி முழுவதும் பரவி, கட்டை ஒலிப்பதற்கு முன்னரே ஒரு மெல்லிய சீறலாகத் தோன்றிவிடும். அடிக்குமுன் எதிரொலி கேட்பதுபோன்ற இக்குற்றத்தை முன்னெதிரொலி என்பர். இதனைக் களைவதற்கு, அத்தகைய இடங்களிற் பகுதிகளைக் குறுக்கிக் கணிக்கும் உபாயம் கையாளப்படுகின்றது. மிருதங்கத்தின் கூரிய சொற்கட்டும் கஞ்சிராவின் அடியும் இவ்வினத்தைச் சார்ந்த ஒலிகளே.

மற்றொன்று மனிதக் குரல். அமெரிக்கப் பாடகி சுசான் வேகா, வாத்தியத் துணையின்றித் தனிக்குரலிற் பாடிய "டொம்ஸ் டைனர்" என்னும் பாடலைப் பிராண்டன்பேர்க் சோதனைக்கு எடுத்துக்கொண்டார். ஏனைய இசையைச் செவ்வனே சுருக்கிய அவர்தம் நிரல் அக்குரலை உருக்குலைத்தது. மறைப்பதற்கு வேறு ஒலி இல்லாதவிடத்துத் தனிக்குரலே மிகக் கடிய சோதனையாயிற்று. அப்பாடலை மீண்டும் மீண்டும் கேட்டு அவர் தம் நிரலைத் திருத்தினார். ஆரவாரம் மிகுந்த பல்லியத்தைவிட, பக்கவாத்தியமின்றி ஒருவர் ஓதும் தேவாரமே சுருக்கத்துக்குச் சவாலாகலாம் என்பது இதனால் நாம் உணரத்தக்கது.

சோதனையின் எல்லை

இத்துணை ஒழுங்காக நடைபெறும் சோதனையும் பிழைபடுமோ எனின், பிழைபடும். சுவீடன் வானொலி அக்காலத்து நடத்திய விரிவான சோதனைகளில், பல நிபுணர் பலமுறை கேட்டு ஒலிபரப்புக்கு ஏற்றதெனக் கொண்ட சுருக்கமுறை ஒன்றன் பதிவை, 1991ஆம் ஆண்டிலே அமெரிக்க ஒலிப் பொறியியலாளர் பார்ட் லொக்காந்தி கேட்டார். 1,500 சுற்று அளவான மீடிறனில் மெல்லியதொரு தொனி இடைவிடாது ஒலிப்பதை அவர் கண்டறிந்தார். அவர் சுட்டிக்காட்டிய பின்னர் பிறரும் அதனைக் கேட்டனர். எத்தகைய குற்றத்தைத் தேடுவது என்பதை அறியாத செவி, கண்முன் நிற்கும் பொருளைக் காணாத கண்ணைப் போல அதனைக் கடந்து சென்றுவிட்டது.

கணிதமும் இதனையே கூறுகின்றது. பத்துக்கு ஏழுமுறை உண்மையாகவே வேறுபாட்டை இனங்காணவல்ல ஒருவரை எடுத்துக்கொள்க. அவருங்கூடப் பதினாறுக்குப் பன்னிரண்டு என்னும் எல்லையைத் தொடுவதற்கு நூற்றுக்கு 45 பங்கு வாய்ப்பே உண்டு. பாதிக்கு மேற்பட்ட வேளைகளில் அவர் "தவறியவர்" எனவே எழுதப்படுவார். வேறுபாடு நிறுவப்பட்டால் அது உண்டு என்று துணிந்து கூறலாம். நிறுவப்படாவிடத்து, "இச்செவியர், இவ்வொலிகளில், இந்நாளில் கேட்டிலர்" என்பதற்கு மேல் ஒன்றும் கூறலாகாது. விற்பனை விளம்பரங்களோ இவ்விரண்டாவது கூற்றை எடுத்து, "மூலத்துக்கும் இதற்கும் வேறுபாடே இல்லை" என மாற்றி உரைத்துவிடுகின்றன.

செவியரின் வயதும் கருதத்தக்கது. இளஞ்செவி ஏறத்தாழ 20,000 சுற்று வரையுள்ள ஒலியைக் கேட்கும். ஆண்டுகள் செல்லச் செல்ல மேலெல்லை இறங்கிவரும். நம் பழைய மாணவர் சங்கத்தின் மூத்த அங்கத்தவர்கள் எத்துணை இசைஞானம் உடையவராயினும், உச்ச மீடிறன்களைப் பற்றிய வழக்கிலே தம் பேரப்பிள்ளைகளையே சாட்சிக்கு அனுப்புதல் நன்று!

மனிதரை விலக்கிக் கணினியையே நீதிபதியாக்கும் முயற்சியும் நடைபெற்றது. செவியின் இயல்பைக் கணிதமாக்கிப் புள்ளியிடும் முறையொன்று 1998ஆம் ஆண்டில் நியமமாயிற்று. பெரிய குற்றங்களை விரைவில் இனங்காண அது உதவும். ஆயின் அத்தகைய கணிப்புக்கள் யாவும் முன்னர் மனிதர் வழங்கிய புள்ளிகளைக் கொண்டே பழக்கப்பட்டவை. புதியதொரு சுருக்கமுறை புதியதொரு குற்றத்தை உண்டாக்குமாயின், மீண்டும் மனிதச் செவியையே நாடவேண்டி வரும்.

நாம் செய்யத்தக்கவை

இவையெல்லாம் பொறியியலாளரின் கவலை, நமக்கு என்ன என்று ஒதுக்கிவிடல் தகாது. நம்மவர் இல்லங்களிலே பழைய ஒலிநாடாக்கள் பல கிடக்கின்றன. கோயில் திருவிழாவிற் பதிந்த நாதஸ்வரம், தவிற் கலைஞரின் தனியாவர்த்தனம், புராண படனம், மறைந்த ஆசிரியப் பெருமக்களின் உரை என அவை பலதிறத்தன. நாடாக்கள் நாளுக்கு நாள் நலிவனவாதலால் அவற்றைக் கணினிக்கு மாற்றும் பணி பல இடங்களில் நடைபெறுகின்றது. அப்பணியில் ஈடுபடுவோர் இடத்தை மிச்சப்படுத்தக் கருதி நேரே எம்.பி.3 ஆக மாற்றிவிட்டு நாடாவைக் கைவிடுவராயின், அது திரும்பப் பெறமுடியாத இழப்பாகும். சுருக்கும்போது நீக்கப்பட்டதை எந்நிரலாலும் மீட்டுத்தர இயலாது. சுருக்கியதை விரித்து மீண்டும் சுருக்கும்போது குற்றங்கள் ஒன்றன்மேலொன்றாகச் சேரும். முதற் சுருக்கத்திற் கேளாத குறை மூன்றாஞ் சுருக்கத்திற் கேட்கும். இன்றைய செவியர் போதுமென்றது நாளைய ஆராய்ச்சியாளனுக்குப் போதாமலும் போகலாம். மூலப்பிரதியை இழத்தல் என்றால் யாது என்பதை, 1981ஆம் ஆண்டில் யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரிந்ததன் பின் நமக்கு எவரும் எடுத்துரைக்க வேண்டுவதில்லை.

ஆகவே, மூலத்தைச் சுருக்காத வடிவிலேயோ, ஒரு பிட்டையும் இழக்காது அடக்கும் பிளாக் போன்ற வடிவிலேயோ பேணுதல் வேண்டும். 2001ஆம் ஆண்டில் வெளிவந்த பிளாக் வடிவம் பதிவின் அளவைப் பெரும்பாலும் பாதியளவாகவே குறைக்கும். ஆயின் வேண்டும்போது மூலத்தை எழுத்துப் பிசகாமல் திருப்பித் தரும். அன்றாடம் கேட்பதற்கும் அன்பர்க்கு அனுப்புவதற்கும் சுருக்கிய பிரதியைத் தாராளமாகக் கையாளலாம். அதற்கு எவ்வளவு சுருக்கம் தகும் என்பதை விளம்பரத்தைக் கொண்டோ அயலவர் சொல்லைக் கொண்டோ தீர்மானியாது தாமே சோதித்தறிதல் நன்று. மேலே விவரித்த அ, ஆ, ஃ முறையை நடத்தும் கணினி நிரல்கள் விலையின்றிக் கிடைக்கின்றன. ஒலியளவைச் சமப்படுத்தி, நல்ல தலையணி ஒலிப்பானைப் பூண்டு, அமைதியான அறையில் அமர்ந்து, தனிக்குரல் ஒன்றையும் மிருதங்க அடி ஒன்றையும் தெரிந்து, பதினாறு முறை கேட்டுப் பார்க்கலாம். கேளாத வேறுபாட்டைக் கேட்டதாகப் பல ஆண்டு எண்ணியிருந்தமை சிலருக்குத் தெரியவரும். கேட்கும் வேறுபாட்டை இல்லையென்று ஒதுக்கியிருந்தமை வேறு சிலருக்குத் தெரியவரும். எவ்வாறாயினும் அத்தீர்ப்பு அவர்தம் சொந்தச் செவியின் தீர்ப்பாக இருக்கும்.

வீட்டில் நாடாவை வைத்திருப்போர் அதனை மாற்றுவிக்கக் கொடுக்கும்போது, "சுருக்காத பிரதி ஒன்று எமக்கு வேண்டும்" என்னும் ஒரு சொல்லைச் சேர்த்துக் கூறுவராக. சேமிக்கும் செலவு ஆண்டுதோறும் குறைந்து வருகின்றது. அந்நாடாவிற் பாடியவரையும் பேசியவரையும் மீண்டும் அழைத்துப் பதிவு செய்தல் இனி இயலாது.